பன்னிரண்டு சென்டிமீட்டர்

வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே
ஒரு மீட்டர் நாற்பது.
வாடகைச் சீட்டில் அதைத் தோட்டம் என்று
எழுதியிருந்தார் கல்ஃபான்.
ஓர் எலுமிச்சை, ஒரு காகிதப்பூ,
சொட்டுநீர்க் குழாய் கசிகிற இடத்தில் மட்டும்
கைக்குட்டை அகலம் புல்.

சோஹார் துறைமுகத்தில் பகலெல்லாம்
குழாய்ப் பற்றவைப்பில் விரிசல் தேடுகிறவன் நான்.
சாயங்காலம் முட்டி போட்டு
ரசமட்டத்தின் குமிழியோடு மல்லுக்கட்டினேன்.
இரண்டடிப் பாதையைப் பத்தொன்பதால் வகுத்தால்
முப்பத்திரண்டு மில்லிமீட்டர்.
சரக்கு வந்த பலகைகளை அறுத்து
நானூற்றுப் பத்து கட்டைகள்.
ஜல்லிக்கு வாதியில் அள்ளிய பொடிச் சரளை.
சலித்தது ஹிதாயாவின் ரவைச் சல்லடையில்.
மூன்றாம் நாள் அவளுக்குத் தெரிந்தது.
நான்காம் நாள் எனக்கு உப்புமா இல்லை.

வண்டி தடம் புரளாமல் திரும்ப
ஒரு மீட்டர் ஐம்பத்திரண்டு வேண்டும்.
இருப்பதில் பன்னிரண்டு சென்டிமீட்டர் குறைந்தது.
வீட்டைத் தள்ளி வைக்க முடியாது.
மதிலுக்குள் நுழைகிற வண்டி
அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் எப்படி?

கல்ஃபான் காவாக் குவளையை
ஆட்டி, போதுமென்று வைத்துவிட்டுக் கேட்டார்:
"ரயிலா? எங்கே போகும்?"
"இத்ரீஸ் வீட்டுக்கு."
"அப்புறம்?"
"திரும்பி வரும்."
வெகுநேரம் யோசித்தார்.
"காலி பண்ணும்போது
சிமெண்ட் வைத்து அடைத்துவிட வேண்டும்."

போக ஒரு துளை. வர ஒரு துளை.
அந்தப் பக்கத்து வளைவைப் போட்டவன்
சூடான் கணக்கு வாத்தியாரின் மகன் முன்தஸிர்.
ஒரு கட்டை தலைகீழாக இருக்கிறது.
இருக்கட்டும்.

நெய் டின்னை வெட்டிச் செய்த எஞ்சின்,
அதற்கு ஒரே ஒரு பொத்தான்.
நிறுத்த நினைத்தால் ஓடித்தான் பிடிக்க வேண்டும்.
முதல் ஓட்டம்: மதிலுக்குள் போய் மறைந்தது.
எண்ணினோம்.
முப்பத்தெட்டில் சத்தம், நாற்பதில் மூக்கு,
பின்பெட்டியில்
காய்ந்த செம்பருத்தி ஒன்று.

ஹிதாயா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்
அரை முறுக்கு எடுத்துவந்து ஏற்றினாள்.
முழு முறுக்கு சுரங்கத்தில் இடித்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க
கைரேகை, மருத்துவச் சோதனை, முத்திரை
எதுவும் இல்லாமல்
எல்லை தாண்டித் தாண்டி வந்த ஒரே ஆசாமி
அந்த நெய் டின்.

ஜூனில் தண்டவாளம் பாம்பானது.
நவம்பரில் முட்ட முட்டப் பொருத்தியிருந்தேன்.
அலுமினியம் நாற்பது டிகிரி ஏறினால்
பத்து மீட்டருக்கு ஒன்பது மில்லிமீட்டர் நீளும்.
இரும்பு பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் மறந்துவிட்டேன்;
வெளியே சொல்லவேண்டாம்.
விடிகாலையில் ரம்பம் எடுத்து
முழத்துக்கு ஓர் இடைவெளி அறுத்தேன்.
அதுவரை வழுக்கிக்கொண்டு ஊமையாய் ஓடிய வண்டி
அன்றைக்குத்தான்
டடக் என்றது.

ஆகஸ்டில் இத்ரீஸுக்குப் பள்ளிக்கூடம்
ஒப்பந்தம் நீட்டவில்லை.
பதினோரு நாள்.
சோபா பிக்கப்பில் கவிழ்ந்தபடி போனது.
"வளைவைக் கழற்றவா?" என்றான் முன்தஸிர்.
"கிடக்கட்டும்" என்றேன்.
வேறென்ன சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல் விட்டேன்.
ஆளில்லாத தோட்டத்துக்குப் போய்
நாற்பதாவது விநாடியில் சரியாக வரும்.
பெட்டியில் கொஞ்சம் மணல்.
மறுநாளும் மணல்.
சிமெண்ட் மூட்டை வாங்கி
எலுமிச்சைக்கு அடியில் வைத்தேன்,
பிரிக்கவில்லை.

அக்டோபரில் ஒருநாள்
நாற்பது. அறுபது. நூற்றிருபது.
பாட்டரி தீர்ந்திருக்கும்.
பூனை தள்ளியிருக்கும்.
வயிற்றில் சரளை குத்தப் படுத்து
துளையில் கண் வைத்தேன்.

அங்கே இன்னொரு கண்.

சின்னது. இமைக்கவில்லை.
நானும் இமைக்கவில்லை.
அரபியில் கேட்பதா, உருதுவிலா, எதிலும்
வாய் வரவில்லை.
கண்ணுக்குப் பின்னால் எங்கோ
நெய் டின்னின் சக்கரம் அந்தரத்தில்
சுற்றுகிற சத்தம்.
யாரோ அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

"என்ன தெரியுது?" என்றாள் ஹிதாயா.
"ஆள் வந்திருக்கு."

அவள் உள்ளே போனாள்.
அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கிற
சத்தம் கேட்டது.